கோஸ் தோட்டத்துக்குள் ஆறு

அக்கா: …செருப்போடயே வரேன்டா. உள்ளயும் சேறுதானே?

தம்பி: யாரு… அக்காவா? ஒரு வருஷமா எட்டிப் பாக்கல. இன்னைக்கு என்ன, வழி தப்பிடுச்சா?

அக்கா: எகத்தாளம் பேசாதே. சாப்பிட்டியா?

தம்பி: சாப்பிட்டேன்.

அக்கா: அடுப்பு சில்லுனு கெடக்கு. எதைச் சாப்பிட்டே, சேத்தையா? இந்தா, டிபன்பாக்ஸைத் திற.

தம்பி: இரு… முதல்ல உன் கடை? தையல் மிஷினெல்லாம்…

அக்கா: தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துச்சு. உள்ள எட்டிப் பாத்துச்சு. அப்படியே திரும்பிப் போயிடுச்சு.

தம்பி: நெசமாவா! பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர்? நடக்க முடியாதவராச்சே…

அக்கா: மழை வலுத்ததுமே நாற்காலியோட தூக்கி என் மாடியில வெச்சுட்டோம். யாரு யாரைத் தூக்கணும்னு தெருவே முன்னாடியே பேசி வெச்சிருந்தோம்ல. போன வருஷ வெள்ளத்துல செஞ்ச மாதிரி கதவைப் பேத்து, அதுல படுக்க வெச்சு இழுக்கிற வேலை இல்ல. மனுஷன் மேல உக்காந்துக்கிட்டு ஒரே அதிகாரம். டீயில சக்கரை பத்தலையாம்.

தம்பி: அப்ப நல்லாத்தான் இருக்காரு.

அக்கா: மேல ஓடையில குறுக்க மரக்கட்டை போட்டோமே, நீகூட சிரிச்சியே…

தம்பி: சிரிக்காம? இண்டு இடுக்கெல்லாம் ஒழுகுது, இதுக்குப் பேரு அணையா?

அக்கா: ஒழுகத்தான்டா போட்டது! மொத்தமா பாய்ஞ்சு வராம, மெள்ள மெள்ள இறங்கட்டும்னு. நேத்து ஒரு கட்டைகூட அசையல.

தம்பி: ம்… பாத்தேன். ஒத்துக்கறேன்.

அக்கா: ஆனா அது மட்டும் போதாதுடா. ஆறு பரவிக்க ஒரு இடம் வேணும். அதைத்தானே ஊர்க் கூட்டத்துல கேட்டேன். உன் பள்ளத் தோட்டத்துக் கரையை எடுத்துடு, ஒரு காலத்துல ஆறு படுத்துக் கெடந்த இடம்தானே இதுன்னு…

தம்பி: கேட்டியா? "என் தம்பி தருவான்"னு எல்லார் முன்னாடியும் நீயே குடுத்துட்டே!

அக்கா: அதுக்கு "என் பொணத்து மேல ஏறிப் போய் வெட்டு"ன்னு சொல்லுவியா?

தம்பி: கோவம். வாயில வந்துடுச்சு…

அக்கா: இப்பப் பாரு. கரை போச்சு. அறுப்புக்கு நின்ன கோஸ் பூரா தண்ணிக்குள்ள.

தம்பி: பழைய கரை. தானா உடைஞ்சிடுச்சு.

அக்கா: தானா?

தம்பி: தானாதான்.

அக்கா: பாவம். கையில என்ன கொப்புளம்?

தம்பி: அது… கதவு. மழையில ஊறி இறுகிடுச்சு. இழுத்தேன்.

அக்கா: ரெண்டு கையிலயுமா?

தம்பி: பெரிய கதவு.

அக்கா: டேய்…

தம்பி: நீ நேத்து என்ன பண்ணிக்கிட்டிருந்தே?

அக்கா: நானா? மாடியிலதான்… வாட்ச்காரருக்கு டீ போட்டுக்கிட்டு. பேச்சை மாத்தாதே.

தம்பி: மாத்தல. யோசிச்சுக்கிட்டிருந்தேன். கரையைத் திரும்பக் கட்டப் போறதில்ல.

அக்கா: என்னடா சொல்றே!

தம்பி: தண்ணி நின்னாலும் தாங்கற புல்லு, மரம்னு வெச்சுக்கறேன். கோஸை மேட்டுப் பக்கம் போட்டுக்கலாம். கொஞ்சம்தான் வரும்… பரவால்ல. உன் தெருவுல சொல்லிடாதே, மாலை கீலை போட்டுத் தொலைப்பாங்க.

அக்கா: மாலை வேணாம். மரம் நட ஆளு வரும். வாட்ச்காரர் நாற்காலியிலேர்ந்தே மேஸ்திரி வேலை பாப்பாரு.

தம்பி: அய்யோ, அவர் வேணாம்…

அக்கா: சாப்பிடு. ஏன் கையை எடுத்துட்டே?

தம்பி: அக்கா… அது தானா உடையல.

அக்கா: ம்.

தம்பி: மத்தியானம் ஆத்தைப் பாத்தேன். போன வருஷம் நீ மிஷின் மேல ஏறி நின்னுக்கிட்டிருந்தது கண்ணு முன்னாடி வந்துச்சு. மண்வெட்டியைத் தூக்கிட்டேன். கொட்டற மழையில பக்கத்துல இருக்கற மரமே தெரியல. நல்லவேளை, ஒருத்தரும் பாக்கல.

அக்கா: நான் பாத்தேன்.

தம்பி: நீயா? மாடியில இருந்தேன்னியே!

அக்கா: கடப்பாரையைத் தூக்கிட்டு வந்தேன்டா, உனக்குத் தெரியாம வெட்டிடலாம்னு. கிட்ட வந்து பாத்தா, நீ அழுதுக்கிட்டே வெட்டிக்கிட்டிருக்கே. கூப்பிட்டா நீ கூச்சப்படுவியேன்னு, வாயை மூடிக்கிட்டு நான் அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிச்சேன்.