வாங்காத ஆள்

— இரு ஜிப்பெக், நீ அப்பறம் சொல்லு. முதல்ல டீயை ஊத்து. இனிமே இந்த பிஷ்கெக்ல நம்ம தையல் கடையை எவனும் பூட்ட முடியாது. அந்த அல்மாஸ் தொலைஞ்சான்.

— எந்த அல்மாஸ்? தீ பாதுகாப்புப் பாக்க வந்த இன்ஸ்பெக்டரா?

— அவனேதான்.

— போட்ட கோட்டைக்கூடக் கழட்டாம வந்து நின்னுக்கிட்டு, தொலைஞ்சான்னா என்னங்க அர்த்தம்?

— முழுசாக் கேளு. செவ்வாக்கிழமை வந்தானே, கவர் நீட்டினேன், தள்ளி விட்டான். உங்கம்மா அனுப்பின குதிரைக்கறியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன், வீட்ல இருக்குன்னான். பிராந்தி பாட்டிலை அவன் கார்ல வெச்சேன், எடுத்து நம்ம வாசப்படியிலயே வெச்சுட்டுப் போயிட்டான். அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் ஏது?

— எனக்கு மட்டும் ஏதாம்? உருண்டு உருண்டு என் போர்வையையும் சேத்துல்ல இழுத்துக்கிட்டீங்க.

— உனக்குக் கிண்டலா இருக்கு. வாங்குறவன் நம்மாளு, புரிஞ்சுதா? அவன் ரேட்டு தெரியும். சட்டை விலையில அதையும் சேத்துக்கலாம், நிம்மதியாத் தைக்கலாம். வாங்கலைன்னா நம்ம கடையைப் பிடுங்க வேற ஏதோ பெரிய கை ஏற்கெனவே கொடுத்தாச்சுன்னு அர்த்தம். நம்ம சபீர் கடைக்கு என்ன ஆச்சு?

— தெரியும்.

— அவன்கிட்டயும் ஒருத்தன் இப்படித்தான் வாங்க மாட்டேன்னான். ஒரே வாரம், கதவுக்கு சீல். இப்ப அங்க எவனோ பெரிய மனுஷனோட மாப்பிள்ளை பாட்டுக் கச்சேரி ஓட்டல் நடத்துறான், சபீர் மாஸ்கோ தெருவுல பனி அள்ளுறான். சோவியத் இருந்தப்ப எங்கப்பாவுக்குக் கட்சின்னு ஒரே பயம். நமக்குத் தீ, சுகாதாரம், வரின்னு ஆபீசுக்கு ஒரு பயம்.

— ஏங்க, காலையில நீங்க போனதுக்கப்பறம் இங்க...

— இரு, முக்கியமானது இனிமேத்தான். நேரா அவங்க பெரிய ஆபீசர்கிட்டயே போயிட்டேன். உங்க அல்மாஸ் என்கிட்டக் காசு கேட்டாரு, என்னால கொடுக்க முடியலன்னு சொல்லிட்டேன்.

— என்னன்னு சொன்னீங்க?

— காசு கேட்டான்னு.

— அவர் கேக்கவே இல்லையே.

— கேக்கல. அதுதானே பிரச்சனையே? பெரியவர் முகத்தை நீ பாத்திருக்கணும். எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "அவன் இங்க யாருக்கும் ஒத்து வரல. யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்"னாரு. உக்கார வெச்சுப் புகாரை எழுதி வாங்கினாரு. அந்தக் கவரையும் வாங்கிக்கிட்டாரு. எண்ணிக்கூடப் பாக்கல, ஜிப்பெக். அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

— கையெழுத்துப் போட்டீங்களா?

— பேரு, விலாசம், கையெழுத்து, எல்லாம். நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டே?

— அந்தச் சுவத்தைப் பாருங்க.

— என்ன இது? முத்திரையெல்லாம் போட்டிருக்கு.

— அனுமதிப் பத்திரம். நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இந்தப் பக்கம் அல்மாஸ் வந்தாரு. வயரிங் சரியா இருக்கு, ஒரு குறையும் இல்லன்னு சொல்லி, அவரே ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போனாரு.

— சும்மாவா?

— சும்மாத்தான். டீ மட்டும் குடிச்சாரு.

— எவன் சும்மா கொடுப்பான் இந்த ஊர்ல?

— நானும் அதையேதான் கேட்டேன். சிரிச்சாரு. அப்பறம் முகம் வாடிப் போச்சு. அவங்க பெரியவர் லஞ்சம் வாங்குறதையெல்லாம் வெச்சு இவர் வழக்குப் போடப் போறாராம். "நான் காசுக்குக் கை நீட்டாதவன்னு சொல்ல ஒரே ஒரு கடைக்காரர் போதும். பிஷ்கெக் பூராக் கேட்டுட்டேன், எல்லாரும் கதவைச் சாத்துறாங்க"ன்னாரு.

— நீ என்ன சொன்னே?

— எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க. எங்க வீட்டுக்காரர் வந்து சொல்வாருன்னு வாக்குக் கொடுத்துட்டேன். உங்க பேரைத்தான் சாட்சின்னு எழுதிக்கிட்டுப் போயிருக்காரு.