கடைசி வரிசைப் புல்

மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றச் சனிக்கிழமைதான் தோதான நாள். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கு வருவார்கள், அதற்குள் தண்ணீர் தெளிந்துவிடும். இது உன் அப்பாவின் பழக்கம். அவர் போன பிறகும் நான் அதை விடவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய், வித்யா.

காலையில் ஒன்று கேட்டாய். அப்பாவின் கட்டிலில் கட்டியிருந்த மணி அவர் போன அன்றைக்கே பூஜை அலமாரிக்கு எப்படிப் போனது என்று. உன் அம்மா, "சித்தப்பாதான் எடுத்து வச்சிருப்பாங்க, இப்ப அதுக்கு என்னடி" என்று சொல்லி உனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தார்கள். அண்ணி எப்போதும் எனக்காகத்தான் பேசுவார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இப்போது அண்ணி செல்லூரில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். உட்கார், சொல்கிறேன்.

இந்தத் தொட்டியை உன் அப்பா வைத்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். வைகையில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு ஆற்றுக்குள் இறங்கி அவரே பொறுக்கி வந்த வேர்க்கட்டை நடுவில் கிடக்கும். அதைச் சுற்றி ரிப்பன் ரிப்பனாக நீளப் புல். கட்டைக்குப் பின்னால் இரண்டு கிழட்டு ஏஞ்சல் மீன்கள். தல்லாகுளத்தில் அண்ணனோடு வேலை பார்த்த அத்தனை என்ஜினியர்களும் வந்து பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. நான் ஜவுளிக்கடையில் ஷோகேஸ் அலங்காரம் செய்தவன். சேலையை எங்கே மடித்தால் பார்க்கிறவர் கண் அங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் தொட்டியில் கண் போய் உட்கார இடமே இல்லை, எல்லாம் ஒரே உயரத்தில் மண்டிக் கிடந்தது. ஒருநாள் நாலு பேர் இருக்கும்போது அதைச் சொன்னேன். "நீ பொம்மைக்குச் சேலை கட்டுறவன். இது உயிரோட இருக்கு, கைய வைக்காத" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை மனதில் வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, விவரம் விட்டுப்போகக் கூடாது என்று சொல்கிறேன்.

பக்கவாதம் வந்த பிறகு உன் அப்பாவுக்கு இடது கையும் கண்களும்தான் மிச்சம். பேச்சு போய்விட்டது. கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து தொட்டிக்கு எதிரே போட்டோம். அண்ணி பூஜை மணியைக் கயிற்றில் கட்டி இடது கைக்கு எட்டும்படி தொங்கவிட்டார்கள். நான் கடை வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டியது, துடைத்தது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் நான்தான். செல்லூர்ச் சொந்தங்கள் என்னை லட்சுமணன் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பிரவுசிங் சென்டரில் ஜப்பான்காரர்களின் தொட்டிப் படங்களைப் பார்த்தேன். முன்னால் பச்சைப் புல்தரை, பின்னால் மலைச்சரிவு போல ஏறிப்போகும் சிவப்புச் செடிகள். அண்ணன் எப்படியும் நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக் கிடக்கிறார், நன்றாக இருப்பதைப் பார்க்கட்டுமே என்று தோன்றியது. மீன் கடை யூனுஸ் வேண்டாம் என்றான். "அண்ணே, இம்புட்டு வருசமா செட்டான தொட்டி. அடி மண்ணக் கலைச்சா தண்ணி கெட்டுப்போகும், பழைய மீனு தாங்காது. மேலாக்க வெட்டிவிட்டா போதும்ணே." சரி என்று தலையாட்டிவிட்டு, செடி நடும் நீள இடுக்கி ஒன்றை அவனிடமே வாங்கி வந்தேன்.

முதலில் வேர்க்கட்டையைத் தூக்கினேன். மணி அடித்தது. தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் மறுபடி தொட்டிக்குள் கை விட்டதும் மணி அடித்தது. ஆசையாகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மண்ணைக் கிளறியதில் தண்ணீர் சாக்கடை நிறமானது. ஏஞ்சல் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதந்தன. அவற்றை வலையில் அள்ளும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, நான்தான் துடைத்துவிட்டேன். பிறகு பின்பக்கச் சரிவில் சிவப்புச் செடி வைத்தபோதும் வழிந்தது. அழகைப் பார்த்துக் கலங்குகிறார் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி சந்தோஷப்பட்டார்கள்.

புது மீன்கள் பொடி மீன்கள். பக்கத்தில் சத்தம் கேட்டால் மிரண்டு நிறம் வெளுத்துவிடும் என்று யூனுஸ் சொல்லியிருந்தான். அதனால் நான் தொட்டியில் வேலை செய்யும்போது மட்டும் மணியைக் கயிற்றோடு அவிழ்த்துப் பூஜை அலமாரியில் வைப்பேன். அதன் இடமும் அதுதானே. அண்ணி வீட்டில் இருந்தால் அவிழ்க்க மாட்டேன். அவர்களுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, சொன்னால் வீணாகக் குழம்புவார்கள்.

அன்று அண்ணி ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். போகும்போது, "கஞ்சி குடுத்ததும் படுக்க வச்சிராதீங்க தம்பி, கொஞ்ச நேரம் சாய்ஞ்சே இருக்கட்டும், பொரை ஏறிரும்" என்றார்கள். நான் கஞ்சியை நிதானமாகத்தான் கொடுத்தேன், வாயைத் துடைத்தேன். பிறகு தலையணைகளை எடுத்துவிட்டுப் படுக்க வைத்தேன். சாய்ந்திருந்தால் அவர் பார்வை என் முதுகிலேயே இருக்கும். முதுகில் பார்வை இருந்தால் புல் நேராக நிற்பதில்லை.

முன்பக்கப் புல்தரையை இழை இழையாக இடுக்கியால் நட வேண்டும். தண்ணீரைப் பாதி இறக்கி, விளக்கு மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தேன். விளக்கில்லாத தொட்டியின் கண்ணாடியில் பின்னால் இருப்பதெல்லாம் அப்படியே தெரியும். ஜன்னல் தெரிந்தது, கட்டில் தெரிந்தது. இருமல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது இருமலாக இல்லை. அந்த உலுக்கலில் அவர் தலை தொட்டிப் பக்கம் புரண்டது. கண்ணாடியில் அவருடைய இடது கை மேலே எழும்பி, கயிறு இருந்த இடத்தில் தேடியது. இறங்கியது, மறுபடி எழும்பித் தேடியது.

தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன் என்பதுதான் அண்ணியிடம் நான் சொன்னது. உன்னிடம் சரியாகச் சொல்ல வேண்டும். அடங்காது என்று எனக்குத் தெரியும். எட்டிப் பிடித்துத் தலையைத் தூக்கி முதுகில் தட்டினால் போதும் என்றும் தெரியும், அதற்கு முன்னால் பலமுறை தட்டியிருக்கிறேன். அன்று கை முழங்கை வரை ஈரம். இன்னும் ஒரு வரிசைதான் பாக்கி. அந்த வரிசையை நட்டேன். ஒரு இழைகூடச் சாயவில்லை. அதன் பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அப்புறம் நடந்த ஓட்டத்தில் மணியை எடுத்துக் கட்ட மறந்துவிட்டேன்.

டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை, இப்படிக் கிடப்பவர்களுக்கு நடக்கக்கூடியதுதான் என்றார். அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்களே தம்பி, அது போதும்" என்றார்கள். என் கை அப்போதும் சில்லென்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. வேறு எதற்கும் நான் அழவில்லை.

கட்டிலைக் காரியம் முடிந்ததுமே கொடுத்துவிட்டோம், உனக்குத் தெரியும். ஆனால் கரண்ட் போனால் தொட்டிக் கண்ணாடியில் கட்டில் இருக்கிறது. இடது ஓரத்தில் அந்தக் கை எழும்பித் தேடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, வித்யா. அந்த ஓரத்தை மறைக்க அடர்த்தியாகச் சிவப்புச் செடி வைத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வேர் பிடிக்கிறது, அங்கே வைத்தது மட்டும் விடிந்தால் பிடுங்கிப் போட்டதுபோல மேலே மிதக்கிறது. மண்ணை மாற்றினேன், அப்படியும் பிடிக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துச் செடிக்கு ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியெல்லாம் பாசி ஏறிவிடும் என்கிறான் யூனுஸ். பாசியைச் சுரண்டிக்கொள்ளலாம். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

உன் அப்பாவைக் கொன்றது நான்தான். அண்ணியிடம் நீ சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தத் தொட்டியை ஒருமுறை நின்று பார். அவர் வைத்திருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர் கண் மூடும்போது கடைசியாகப் பார்த்தது அழகான ஒன்று. கண் தொட்டிக்குள் பார்க்கவில்லை, கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்றாலும், பார்த்தது இந்தப் பக்கம்தானே.

வாசலில் ஆட்டோ நிற்கிறது, அண்ணி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எழுந்து போகும்போது பழக்கத்தில் தொட்டி விளக்கை அணைத்துவிடாதே. புல்லுக்கு வெளிச்சம் வேண்டும்.