பட்டன் கற்ற பாடம்

— கையை எடுங்க தம்பி. பெட்டிக்குள்ள கையை விட்டு நாய்க்குட்டிங்களை விலக்காதீங்க.

— ஐயோ அண்ணி, அந்தக் கறுப்பன் ரெண்டு பங்கு இருக்கான்! என் பட்டன் ஒரு கைப்பிடிகூட இல்ல.

— உங்க பட்டன்தான் மொதல்ல அவன் காதைக் கவ்வுச்சு. பல்லா அது? துணி வெட்டுற கத்திரி! மூணு நாளா தையல் மிஷினை நிறுத்திட்டு நான் பாக்குறேன். நீங்கதான் கோவிச்சுக்கிட்டு இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.

— தாய்கிட்டப் பால் குடிக்கத் தெரியாம கெடந்ததை, பன்னெண்டு நாள் குட்டியில தூக்கிட்டுப் போய் புட்டிப்பால் குடுத்து வளர்த்தேன். என்னைக் கேக்காம இங்க கொண்டாந்து போட்டுட்டீங்க.

— பின்ன? நாளைக்கு டீச்சரம்மா இதை வளர்க்கக் கேட்டு கைக்குழந்தையோட வர்றாங்க. கடிச்சா எடுக்க மாட்டேன்னுட்டாங்க.

— எடுக்காட்டி போறாங்க. மாடியில என் அறையிலயே இருந்துட்டுப் போகுது.

— காலையில போனா பொழுது சாஞ்சு வர்ற ஆளு நீங்க. பூட்டின அறையில அது யார் மூஞ்சியப் பாக்கும்? ஸ்... அங்க பாருங்க, ‘கீ’ன்னு கத்திட்டான் கறுப்பன்.

— கத்திட்டு ஏன் முதுகைக் காட்டிட்டுப் போறான்?

— உன் சங்காத்தமே வேணாங்கிறான். மொத நாள் கூடப் பொறந்த நாலு குட்டியும் அப்படித்தான் விலகிப் போச்சு. இது நடுவுல முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு, பாவம்.

— அட! பின்னாலயே போகுது அண்ணி. மல்லாந்து வயித்தைக் காட்டுது!

— நேத்து தாய்க்காரி மடியைக் கடிச்சிருச்சு. அவ இதோட மூஞ்சிய அப்படியே வாய்க்குள்ள வாங்கி ஒரு அமுக்கு! எனக்கு உசிரே போச்சு. எடுத்துப் பாத்தா ஒரு கீறல் இல்ல தம்பி!

— மறுபடி காதைப் பிடிக்குது... அண்ணி, இப்ப கறுப்பன் கத்தலையே!

— எதுக்குக் கத்துவான்? பல்லு பட்டும் படாம பிடிச்சிருக்கே.

— கண்ணு தெறந்து அஞ்சு வாரம்தான் ஆகுது. வாத்தியாரா, பிரம்பா? இதுங்களுக்கு யாரு அண்ணி சொல்லிக் குடுத்தது?

— அதான் எனக்கும் மலைப்பா இருக்கு. உங்க கையப் பாருங்க, முள்ளுவேலியில விட்டு எடுத்த மாதிரி. ஒரே ஒரு தடவை ‘ஆ’ன்னு கத்தியிருந்தா மாடியிலயே கத்துக்கிட்டிருக்கும். கத்தத் தெரியாதா உங்களுக்கு?

— தெரியும் அண்ணி. கடிக்கிற குட்டிய யாரும் கேட்டு வர மாட்டாங்கன்னுதான், அத்தனை நாளும் சத்தம் காட்டாம இருந்தேன்.