குடத்துக்குக் காவல்

— ஆசிரமத்துல பிள்ளைக்குக் கட்டில் குடுத்தாங்களா, இல்ல தரையிலயா படுக்கணும்?

— கட்டில்தான் பேராச்சி.

— பெறவு அவ உருண்டு விழுந்துருவாளே. அந்த சிஸ்டர்மாருகிட்டச் சொன்னீங்களா?

— சொன்னேன்.

— சோறப் பெசஞ்சு வாயில வச்சாத்தான் முழுங்குவான்னு?

— எல்லாம் சொன்னேன்ட்டி. உள்ள வந்து உக்கார விடு. கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தாங்க. காலையில எட்டு மணிக்குப் பிள்ளயக் கூட்டிக்கிட்டுப் போனவரு, விளக்கு வைக்க நேரத்துக்கு வாரீங்க. தாராவிக்கும் கல்யாணுக்கும் போக வர இம்புட்டு நேரமா?

— வண்டி கெடைக்கல.

— செண்பகம் அழுதாளா?

— இல்ல.

— அழலயா? பதினோரு வருசத்துல என்னய விட்டுட்டு ஒரு பொழுது இருந்ததில்ல. அழலங்கீங்களே.

— அழலன்னா அழலதான். கேட்டதயே கேக்காத.

— கோவப்படாதீங்க. பெத்தவளுக்குக் கேக்காம இருக்க முடியல. அந்தக் கைக்கு மருந்து போடச் சொன்னீங்களா? எண்ணெச் சட்டிக்குள்ள விட்ட கை இன்னும் ஆறல.

— ம்.

— நீங்க செஞ்சது சரிதான். நான் குத்தம் சொல்லல. முறுக்கு சுடுத நேரமெல்லாம் பிள்ளயப் பழைய சேலயால தூணுல கட்டிப் போடுதேன். தோல் ஷெட்டுலேருந்து வந்து, அவ இடுப்புல கெடக்க தடத்தப் பாத்துட்டு, நீங்க சோறு வேண்டாம்னு சுவரப் பாத்துப் படுத்ததெல்லாம் எனக்குத் தெரியாதா? அங்கனயாவது கட்டாம வச்சிருப்பாங்க.

— போதும்ட்டி.

— சரி, பேசல. ஒண்ணே ஒண்ணு. நம்ம பித்தளக் குடத்தப் பாத்தீங்களா? நாலு மணிக்குப் பைப்புல தண்ணி வந்துச்சு, குடத்தக் காணும். இந்த ஒத்த ரூமு பூராத் தேடிட்டேன். பெறவு பக்கத்து நூர் நிஷாகிட்ட ஒரு டால்டா டப்பா வாங்கித்தான் பிடிச்சேன்.

— நான்தான் கொண்டு போனேன்.

— ஆசிரமத்துக்கு எதுக்குக் குடம்?

— குடத்தப் பாத்தாத்தான அவ உக்காருவா.

— அது பைப்படியில. லைன்ல குடத்த வச்சிட்டு நான் அடுப்பப் பாக்க ஓடி வரணுமேன்னு, மூணு வருசமா அந்த ஒண்ணத்தான் பழக்கியிருக்கேன். குடம் இருக்க வரைக்கும் உக்காரு, குடத்தத் தூக்கி இடுப்புல வச்சா முந்தானயப் பிடிச்சிக்கிட்டுப் பின்னாடியே வா. அவளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். அது எதுக்கு சிஸ்டர்மாருக்கு? இங்க பாருங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. பிள்ள எங்க?

— அவங்க சேக்க மாட்டேன்னுட்டாங்க.

— எப்ப?

— போன மாசமே. தானாத் திங்கத் தெரியாத பிள்ளைய எடுக்க மாட்டாங்களாம். இன்னும் ரெண்டு எடத்துல கேட்டேன். அங்கயும் அதுதான். ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல.

— அப்ப இன்னைக்கி எங்க கொண்டு போனீங்க?

— கல்யாண் ஸ்டேசனுக்கு. பிளாட்பாரத்துல ஒரு தண்ணிக் குழா இருக்கு. அங்கன குடத்த வச்சேன். ஒரு வார்த்த சொல்லல நான், தானா உக்காந்துட்டா. நான் வண்டி ஏறிட்டேன்.

— என்னது?

— யாராவது பாத்துப் போலீஸ்ல ஒப்படைப்பாங்க, சர்க்கார் எடத்துல சேப்பாங்கன்னு நெனச்சேன். நாம ரெண்டு பேரும் போன பெறவு யாரு அவளுக்குச் சோறு பெசஞ்சு குடுப்பா? அத நெனச்சு நெனச்சு எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு பேராச்சி.

— அட பாவி மனுசா. நான் கட்டிப் போட்டது கண்ணு முன்னால வச்சிருக்கத்தான. நீங்க அவுத்து விட்டுட்டு வந்துட்டீங்களே.

— திட்டு. நல்லாத் திட்டு.

— திட்ட நேரமில்ல. எந்திரிங்க. போன வருசம் பாகிஸ்தான் சண்டை நேரத்துல சைரன் ஊதி, விளக்கெல்லாம் அணைச்சு, பைப்படியே காலியாச்சுல்லா? அந்த இருட்டுல அவ ஒருத்திதான் குடத்துப் பக்கத்துல உக்காந்திருந்தா. குடம் இருந்தா அவ இருப்பா. பசிச்சாலும் அசைய மாட்டா. நான் போயித் தூக்குனாத்தான் எந்திரிப்பா. சயான் ஸ்டேசனுக்கு நடந்தா வண்டியப் பிடிச்சிரலாம். எந்திரிங்கன்னு சொல்லுதேன்லா.

— நான் அடுத்த ஸ்டேசன்லயே எறங்கித் திரும்பிப் போயிட்டேன்ட்டி. இம்புட்டு நேரமும் அங்கனதான் கெடந்தேன். பிளாட்பாரம் பூராவும் தேடிட்டேன், வெளிய குதிரவண்டி நிக்குற எடம் வரைக்கும் தேடிட்டேன். போலீஸ்லயும் போயி அழுதாச்சு.

— குடமும் இல்லயா?

— வண்டி நகந்ததும் மனசு கேக்காம வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன். யாரோ ஒரு பொம்பள வந்து குடத்தத் தூக்கி இடுப்புல வச்சா. நம்ம பிள்ள எந்திரிச்சு, அவ முந்தானயப் பிடிச்சிக்கிட்டுப் பின்னாடியே போயிட்டா.