வெள்ளை வைக்காத படம்

படத்தில் பின்னணியை வெட்டி எடுத்துவிட்டால், அந்த இடத்தைக் கணினி சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகக் காட்டும். கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மாப்பிள்ளைக்குப் பின்னாடி கைலியைக் காயப் போட்டிருக்கீங்க" என்பார்கள். அது கைலி இல்லை, ஐயா. அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு அடையாளம். இணையத்தில் ஏற்றியதும் அந்தக் கட்டமும் போய்விடும். பக்கத்துக்கு என்ன நிறமோ, அதையே பிரவுசர் அந்த இடத்தில் காட்டும். பக்கம் வெள்ளையென்றால் வெள்ளை, கறுப்பென்றால் கறுப்பு. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

கூத்தாநல்லூரில் பேனர் கடை வைத்திருக்கிறேன். குடும்பப் படத்தில் ஆள் சேர்ப்பதில் எனக்கு நல்ல பெயர். நிக்காஹுக்கு வர முடியாமல் குவைத்தில் மாட்டிக்கொண்ட அண்ணனை வெட்டி எடுத்து, தங்கை பக்கத்தில் நிழல் முதற்கொண்டு நிறுத்திவிடுவேன். எத்தனையோ வீடுகளை இப்படி நிறைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வருகிறவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கமருன்னிஸாவின் கணவர் அப்துல் ஹமீதுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் அஸர் தொழுகைக்கென்று கிளம்பியவர் பள்ளிவாசலுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. இந்த ஸ்டேஷனில் உங்களிடம் புகார் கொடுத்த கையோடு அந்த அம்மா என் கடைக்கு வந்தார்.

"நெட்டுல போடுங்கண்ணே. உங்க கடை நம்பரே இருக்கட்டும். வீட்டுல நான் ஒருத்திதான். கண்டவுங்களும் கூப்பிடுவாங்க."

காசு வாங்காமல் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். ஹமீதைப் பழைய கல்யாணப் படம் ஒன்றிலிருந்து வெட்டி நிறுத்தி, கீழே பெயர், ஊர், போன் நம்பர். எங்கள் தொழிலில் தமிழைப் பழைய எழுத்துருவில்தான் அடிப்போம். அப்படியே இணையத்தில் போட்டால் கிறுக்கலாகத் தெரியும். அதனால் எழுத்தையும் படமாகவே சேமித்துவிடுவோம். கறுப்பு எழுத்து, பின்னணி இல்லை. பார்ப்பவரின் போன் டார்க் மோடில் இருந்தால் பக்கமும் கறுப்பாகும்படி வைத்தேன். அது அழகுக்காகச் செய்தது, ஐயா, நம்புங்கள்.

அதன் பிறகு தினமும் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அந்த அம்மா பிளாஸ்கில் இஞ்சி டீயோடு வருவார். "போன் வந்துச்சாண்ணே?" என்பார். இல்லை என்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து கணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். மீனில் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாராம், இப்போது யார் எடுத்துக் கொடுப்பார்களோ என்பார். கிளம்பும்போது, "நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்பார். அப்படி ஒருவர் என்னைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

கண் எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் என் போனை டார்க் மோடுக்கு மாற்றினேன். பக்கத்தைத் திறந்தேன். இருட்டில் ஹமீது மட்டும் நின்றார். கீழே ஒன்றுமில்லை. கறுப்பில் கறுப்பு எழுத்து எப்படித் தெரியும்? பார்த்த பாதிப் பேருக்கு அவர் யார், எந்த ஊர், யாரைக் கூப்பிடுவது என்றே தெரிந்திருக்காது. எழுத்துக்குப் பின்னால் வெள்ளை வைத்தால் போதும், சின்ன வேலை. மௌஸைக் கையில் எடுத்தேன். அப்போது அந்த அம்மா பிளாஸ்கோடு உள்ளே வந்தார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியில் அந்தப் பக்கத்தை மூடினேன். மறுநாளும் அப்படித்தான் ஆனது.

பிறகு ஒரு காலை, வேளாங்கண்ணியிலிருந்து தங்கமணி என்ற பெண் கூப்பிட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்.

"படத்துல இருக்கிறவர் மாதிரியே ஒருத்தர் இங்க இருக்காருங்க. என் போன்ல வெறும் ஆள்தான் தெரிஞ்சுது. இன்னொருத்தவுங்க போன்ல பார்த்துதான் நம்பரை எடுத்தேன். பேரு கேட்டா சொல்லத் தெரியல. கமரு, கமருன்னு யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."

நான் சொன்னேன், "அவர் கிடைச்சுட்டாரும்மா. வீட்டுக்கு வந்துட்டாரு. பக்கத்தை எடுக்க மறந்துட்டேன்."

"நல்லதுங்க. அப்ப இவரு வேற யாரோ."

இல்லத்தில் கஞ்சி கிடைக்கும், மருந்து கிடைக்கும். அவருக்கு எந்தக் கெடுதலும் நான் நினைக்கவில்லை. அன்றைக்கும் அந்த அம்மா வந்தார். "போன் வந்துச்சாண்ணே?" என்றார். இல்லைம்மா என்றேன். அழுதார். தண்ணீர் கொடுத்து, நம்பிக்கையை விடாதீங்க என்றேன். அன்று வெகுநேரம் இருந்தார்.

அடைமழையில் காய்ச்சல் கண்டு ஹமீது அந்த இல்லத்திலேயே இறந்துபோனார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பெயர் தெரியாதவராக அடக்கம் செய்தார்கள். இறந்தவருக்காகத் தொழுகிற ஜனாஸா தொழுகையைக்கூட யாரும் தொழவில்லை. பக்கத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த அம்மா ஏன் என்று கேட்பாரே. கிடைத்த ஆளுக்கு இன்னும் ஏன் பக்கம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டுத்தான் தங்கமணி நேரே ஊருக்கு வந்து பள்ளிவாசலில் விசாரித்திருக்கிறார். கெட்டிக்காரப் பெண்.

ஆமாம், தங்கமணியிடம் தெரிந்தேதான் பொய் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கமருன்னிஸாவிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது என்கிறீர்கள். இருக்கட்டும். லுஹர் முடிகிற நேரமாகிறது, ஐயா. யாரையாவது அனுப்பிக் கடையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். டீயோடு வருகிறவர் பூட்டைப் பார்த்தால் பாவம், மனசு கஷ்டப்படும்.