கத்தத் தெரியாதவள்

ஜூலை 14, திங்கட்கிழமை, காலை 7.20. சாரல். மஞ்சக்குட்டையிலிருந்து ஒண்டிக்கடைக்குப் போகும் ஜீப்பில் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். எதிரே மலைக்கிராமத்து நிறைமாதப் பெண் ஒருத்தி முந்தானையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் எஸ்டேட்டில் வேலை செய்யும் நடுவயதுப் பெண்.

“ஆஸ்பத்திரிக்குப் போனதும் நல்லாக் கத்து கண்ணு” என்றாள் எஸ்டேட்காரி.

“எங்க ஊட்ல யாரும் கத்த மாட்டோமுங்க. நொம்ப வெக்கமுங்க.”

“போன தடவையும் இப்பிடித்தான் இருந்தியா?”

“ஆமாங்க. சத்தமே இல்ல, இன்னும் வலி வரலைன்னு நர்சம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. மலைக்காரிங்களுக்குச் சுலுவாப் பொறந்துரும்னாங்க. போற வழியிலயே பொறந்துச்சு. உசுரில்லீங்க.”

எஸ்டேட்காரி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எஸ்டேட்டுப் பொம்பளைங்க நாங்க கத்துனா, வாய மூடுடின்னு திட்டுவாங்க. திட்டிக்கிட்டே கட்டில் குடுத்துருவாங்க. நீ கத்து சாமி.”

“எப்பிடிக் கத்தறதுங்க?”

“உன் ஊட்டுக்காரன நெனச்சுக்க. தானா வரும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, முந்தானை மறுபடி வாய்க்குப் போனது. எஸ்டேட்காரி அதைப் பிடுங்கினாள். பெண் கத்தினாள்.

டிரைவர் ஒண்டிக்கடையில் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் இறங்குவதற்குள் இரண்டு நர்சுகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். அவள் கத்துவதை நிறுத்தவே இல்லை.

அங்கிருந்து ஒண்டிக்கடைக்குத் திரும்பிவர எனக்கு ஆட்டோவுக்கு ஆனது அறுபது ரூபாய்.