முதலில் நிறுத்த வேண்டிய கட்டடம்

— முப்பத்தெட்டு மெகாவாட் தாண்டிட்டு சேர். முப்பத்தெட்டு புள்ளி ஒண்டு. ஆறரைக்கு முதலே தாண்டும் என்டு சொன்னனா இல்லையா?

— பார்த்துட்டேன் கஜந்தி. மணி என்ன?

— ஆறு இருபத்தாறு. ஆறு நாப்பத்தொண்டுக்குள்ள இறக்கோணும். இல்லாட்டி கறண்ட் கூட்டுறவுக்காரங்கட மெசின் தானாவே எங்கட ஊர் முழுக்க நிப்பாட்டும். வயசாளிகள் இல்லம், தண்ணிப் பம்பு, எல்லாம் போகும். வெளியில மைனஸ் முப்பத்தொண்டு.

— பதட்டப்படாம லாஜிக்கா பார்ப்போம். இன்னும் எதைக் குறைக்கலாம்? அரினாவுல ஐஸ் மெஷின்?

— அஞ்சு மணிக்கே நிப்பாட்டியாச்சு. நீச்சல் குளம், நூலகம், இந்த நகரசபைக் கட்டடம், ஒண்டும் மிச்சமில்ல. நான் கொன்ட்ரோல் ரூமுக்குள்ள ஜக்கெட்டும் தொப்பியுமா இருக்கிறன், தெரியேல்லையா? உங்கட விரலைப் பாருங்க, நீலம் பாரிச்சுப் போச்சு.

— வீட்டுக்காரங்களுக்கு மெசேஜ்?

— மூண்டு தரம் அனுப்பினன், பிரெஞ்சிலயும் இங்கிலீசிலயும். சூட்டை ரெண்டு டிகிரி குறையுங்க என்டு. நாலில ஒரு வீடு குறைச்சிருக்கு. மற்ற ஆக்கள் நித்திரை.

— மத்த ஆறு ஊர்ல யார்கிட்டயாவது மிச்சம் இருந்தா வாங்கிக்கலாமே. கூட்டுறவுன்னா அதுக்குத்தானே.

— அதையும் கேட்டன். ஆறு ஊரும் விளிம்பிலதான் நிக்குது. கூட்டுறவில இருக்கிற மனிசி 'தெசொலே', மன்னிக்கோணும் என்டு பிரெஞ்சில சொல்லிப் போனை வெச்சிட்டா.

— ஏழு ஊர் ஒண்ணா சேர்ந்து மொத்தமா கரண்ட் வாங்கினா ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கும்னு ரிப்போர்ட்ல எழுதினேன். ரெண்டு பக்கம் அதுக்குன்னே எழுதினேன்.

— ஏழு ஊருக்கும் ஒரே குளிர்தானே சேர். அதை நீங்க எழுதேல்லையே.

— எழுதலை.

— கூட்டுறவை விட்டு வெளியில வரவும் ஏலாது, என்ன?

— பத்து வருஷ ஒப்பந்தம். இன்னும் எட்டு இருக்கு. விலை குறைச்சுக் கொடுத்ததே இந்த எல்லையை நாம ஒத்துக்கிட்டதாலதான். வருஷத்துல நாலு நாள் காலையில கொஞ்சம் சமாளிச்சா போதும்னு நினைச்சேன்.

— இண்டைக்கு முதலாவது நாள். முப்பத்தெட்டு புள்ளி மூண்டு.

— சரி. ஒரு லைனை நிறுத்தித்தான் ஆகணும். அரை மணி நேரம். கவுன்சில் பாஸ் பண்ணின பட்டியல் இருக்கு, அதும்படி செய்யலாம்.

— பட்டியல்ல முதல் ஆர் இருக்கிற என்டு தெரியும்தானே?

— தெரியும். ரயில் பாதைக்குப் பக்கத்துல அந்தப் பன்னிரண்டு மாடி.

— நூத்தெண்பது வீடு சேர். வந்த புதுசில ஆறு வருசம் நான் அதிலதான் இருந்தன், அஞ்சாம் மாடி. ஜன்னல் கட்டில தண்ணி வெச்சா விடியக்குள்ள ஐஸ். சூட்டை நிப்பாட்டி அரை மணித்தியாலம் போனா சுவரைத் தொட ஏலாது. மூண்டாம் மாடியில பிறந்து பன்னிரண்டு நாள் ஆன புள்ள ஒண்டு இருக்கு. பதினோராம் மாடியில அல்போன்சம்மா, ஒட்சிசன் மெசினோட. உங்களுக்கு அது ஒரு சுவிச்சு.

— அல்போன்சம்மா மெஷின்ல பாட்டரி இருக்கு. ரெண்டு மணி நேரம் தாங்கும்.

— அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?

— தெரியும். மணி பாருங்க.

— ஆறு முப்பது. சேர், பட்டியல்ல கடைசியில ஆத்தங்கரை. தொண்ணூறு வீடு. கட்டடம் குடிக்கிற அதே அளவு கறண்டை அந்தத் தொண்ணூறும் குடிக்குது. கார் நிக்கிற கராஜுக்கே சூடு போடுற ஆக்கள். அதை நிப்பாட்டினா கார் குளிரும். இதை நிப்பாட்டினா மனிசர் குளிருவாங்க. ரெண்டு சுவிச்சும் என்ட கைக்குப் பக்கத்திலதான் இருக்கு.

— பட்டியல்ல அது கடைசி.

— அந்தப் பட்டியல் வானத்தில இருந்து விழேல்ல. நீங்க எழுதினது.

— ஆமா. நான்தான் எழுதினேன்.

— என்னத்தை வெச்சு எழுதினீங்க?

— புகார். அஞ்சு வருஷத்துல கரண்ட் போனா எந்தத் தெருவிலேருந்து எத்தனை புகார் வருதுன்னு எடுத்தேன். ஆத்தங்கரையிலேருந்து இருநூத்திப் பதினாலு. அந்தக் கட்டடத்துலேருந்து மூணு.

— மூண்டு.

— ஆமா, மூணு. அங்க நிறுத்தினா யாருக்கும் பெரிசா பிரச்சனை இல்லைன்னு எடுத்துக்கிட்டேன்.

— ரெண்டு வேலை செஞ்சிட்டு வந்து படுக்கிற ஆக்கள் எந்த நேரம் உங்களுக்குக் கடிதம் எழுதுற? நான் இருந்த காலத்தில மாசம் ஒருக்கா கறண்ட் போகும். ஒருத்தரும் போன் எடுக்கிற இல்ல. எடுத்தா வாடகைய ஏத்துவாங்களோ, வெளிய போகச் சொல்லுவாங்களோ என்டு பயம். சும்மா இருந்ததுக்காகவா எங்களை முதல்ல போட்ட நீங்க?

— நீங்க சொல்றது சரி.

— சரியென்டா மாத்துங்க! நீங்கதானே டைரக்டர். ஒரு சொல்லு சொல்லுங்க, ஆத்தங்கரையை நிப்பாட்டுறன். மறுகா வாற பிரச்சனையைப் பாப்பம்.

— மாத்த முடியாது கஜந்தி.

— ஆத்தங்கரையில இருந்துகொண்டு எழுதின பட்டியல். அதான் முடியாது. சொல்லுங்களன் வாயைத் திறந்து.

— ஆத்தங்கரையில இருந்துகிட்டுதான் எழுதினேன். அதுவும் சரி. ஆத்தைப் பார்த்த ஒரு ரூம்ல உட்கார்ந்து, ஒரு சாயங்காலத்துல எழுதி முடிச்சேன். காபி ஆறக்கூட இல்லை.

— முப்பத்தெட்டு புள்ளி அஞ்சு. ஆறு முப்பத்திரண்டு.

— டிசம்பர்ல மேயரம்மாகிட்ட ஒரு பேப்பர் கொண்டு போனேன். பட்டியல் தப்பு, முறை வெச்சு மாத்தி மாத்தி நிறுத்தலாம், முதல் முறை ஆத்தங்கரையா இருக்கட்டும்னு.

— நீங்களா? மறுகா?

— ரெண்டு வருஷமா இல்லாம இப்ப ஏன் திடீர்னு கேட்கறீங்க ஜெயராம்னு கேட்டாங்க.

— என்ன சொன்ன நீங்க?

— பேப்பரைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

— ஏன் சேர்? நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் இருந்ததுதானே. பிழை விட்டுட்டன், இப்ப விளங்குது என்டு சொல்லுறதுக்கு என்ன?

— எப்ப விளங்கிச்சுன்னு அடுத்த கேள்வி வரும்.

— வந்தா?

— அதுக்கு இப்ப நேரமில்லை. விடுங்க. கட்டடத்துல லிப்ட் இருக்கு. யாராவது உள்ள மாட்டிக்கக் கூடாது. அங்க பார்த்துக்கறவர் பேர் அன்ரன்தானே? ஸ்பீக்கர்ல போடுங்க.

— போடுறன். ஆனா நான் இன்னும் ஓம் என்டு சொல்லேல்ல… அன்ரன் அண்ணை! நகரசபையில இருந்து கஜந்தி கதைக்கிறன். நித்திரையா?

— மாதாவே, இந்தக் குளிருக்குள்ள ஆர் தங்கச்சி நித்திரை கொள்ளுற? கொதிநீர்க் குழாய் வெடிச்சிடுமோ என்டு கீழ்த்தளத்திலதான் நிக்கிறன். என்ன விசயம்?

— இன்னும் கொஞ்ச நேரத்தில உங்கட கட்டடத்துக்குக் கறண்டை நிப்பாட்டவேண்டி வரும் போல கிடக்கு. அரை மணித்தியாலம். லிப்டைக் கீழ கொண்டுவந்து கதவைத் திறந்து விடுங்க. உள்ள ஆள் இல்லை என்டு பாத்திட்டு எனக்குச் சொல்லுங்க. போனை வைக்க வேண்டாம்.

— எங்கடயோ? ஏன் தங்கச்சி, ஊரில வேற தெரு இல்லையா? சரி சரி, போறன். லைன்ல நில்லு.

— கேட்டீங்களா சேர்? அவர் கேட்டதைத்தான் நானும் கேட்டன்.

— ஆறு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. இன்னும் ஆறு நிமிஷம்.

— நான் அந்தச் சுவிச்சை அமத்த மாட்டன் என்டு சொன்னா?

— நான் நிறுத்துவேன். நீங்க மறுத்தீங்கன்னு எழுத மாட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது.

— ரெண்டு பேரும் அமத்தாட்டி?

— ஆறு நாப்பத்தொண்ணுக்கு ஊர் மொத்தமும் போகும். அந்தக் கட்டடமும் சேர்த்துத்தான். திரும்ப ஏத்த நாலு மணி நேரம் ஆகும். வயசானவங்க இல்லத்துல அறுபத்தி மூணு பேர்.

— அப்ப எனக்கு வழியே இல்ல.

— நம்ம ரெண்டு பேருக்குமே இல்லை.

— உங்களுக்கு இருக்கு! ஆத்தங்கரைச் சுவிச்சு, இந்தா, விரல் வைக்கிற தூரம்! ஏன் இப்பிடிக் கல்லு மாதிரி நிக்கிறீங்க? நாலு வருசம் உங்களோட வேலை செய்யிறன். கெட்ட மனிசன் இல்ல நீங்க. என்ட மனிசன் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள என்ட ஷிப்ட்டையும் சேர்த்துச் செஞ்ச ஆள். இண்டைக்கு என்ன பிடிச்சது உங்களுக்கு?

— ரெண்டு வருஷம் முன்னாடி இதே காலை வந்திருந்தா, நான் யோசிக்காம பட்டியல்படி செஞ்சிருப்பேன். காபி குடிச்சுக்கிட்டே செஞ்சிருப்பேன். இன்னிக்கு மட்டும் யோசிச்சு மாத்தினா, அது அந்த ஜனங்களுக்காகன்னு நானே நம்ப மாட்டேன்.

— எனக்கு விளங்கேல்ல.

— வேண்டாம். முடிஞ்சதும் நீங்க சொன்னதையெல்லாம் எழுதுங்க, உங்க பேர்ல. அஞ்சாம் மாடி, ஜன்னல் கட்டு, யாரும் போன் பண்ணாதது, எல்லாம். நீங்க எழுதினா கேட்பாங்க. ஏன் இப்ப கேட்கறேன்னு உங்களை யாரும் மடக்க முடியாது.

— எழுதத்தான் போறன். அதில உங்களையும் எழுதுவன்.

— எழுதுங்க.

— தங்கச்சி! நிக்கிறியா? லிப்டு கீழ நிக்குது. உள்ள ஒருத்தரும் இல்ல. கதவுக்கு நடுவில என்ட வாளியை வெச்சிட்டன். டோர்ச்சும் எடுத்திட்டன்.

— சரி அண்ணை, நில்லுங்க. சேர், மணி ஆறு முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு புள்ளி ஆறு. கடைசியாக் கேக்கிறன்.

— பட்டியல்படி.

— வாயால சொல்லுங்க, எந்த லைன் என்டு.

— ரயில் பாதைக் கட்டடம். தள்ளுங்க, நான் செய்யறேன்.

— கையை எடுங்க. நானே செய்யிறன். அங்க இருந்த ஆள் செஞ்சதென்டு இருக்கட்டும்… அமத்திட்டன்.

— எவ்வளவு இறங்கிச்சு?

— முப்பத்தேழு புள்ளி ஏழு. கோட்டுக்குக் கீழ. உங்கட ஊர் தப்பிட்டு சேர். சந்தோசமா?

— ஏழு மணி எட்டு நிமிஷம் வரைக்கும் இதை இப்படியே பிடிச்சு வைக்கணும். அன்ரன், கேட்குதா? கரண்ட் போயிடுச்சா?

— போயிட்டு. கும்மிருட்டு. மேல புள்ளைகள் அழுற சத்தம் கேக்குது. ஆர் கதைக்கிற, ஜெயராம் சேரோ?

— ஆமா, நான்தான்.

— மாதாவே, நீங்களும் அங்கதான் நிக்கிறீங்களா! நல்லதாப் போச்சு. நான் படியால ஏறி அல்போன்சம்மாட்டப் போறன், மறுகா மூண்டாம் மாடிப் புள்ளைக்குப் போர்வை குடுக்கோணும். சேர், எட்டாம் மாடியில உங்கட மகள் தனியத்தானே கிடக்கிறா? பிள்ளை பயப்பட்டிடுவா. முதல்ல அங்க போய்த் தட்டட்டோ?

— ஆர்ர மகள்? அண்ணை, ஆரைச் சொல்லுறீங்க?

— சேர்ர மகள் மிருதுளா, பதினொரு வயசு. அவர் ஆத்தங்கரை வீட்டை மனிசிக்கு விட்டுட்டு நவம்பர்ல இஞ்ச வந்தவர்தானே. உனக்குத் தெரியாதா தங்கச்சி? ஒரு கிழமை தாயோட, ஒரு கிழமை இவரோட. இந்தக் கிழமை இவரோட.

— சேர்…

— வேண்டாம் அன்ரன். அல்போன்சம்மாவைப் பாருங்க, அப்புறம் அந்தக் குழந்தை. எங்க கதவை எட்டாவது மாடி முறை வரும்போது தட்டினா போதும். இன்னிக்குக் காலையில கரண்ட் போச்சுன்னா அதை நிறுத்தினது அப்பாதான்னு, படுக்கும்போதே அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.